திப்புவின் தோட்ட மாளிகை: மைசூர் போகும் குடும்பங்களுக்கு

விடுமுறை விட்டால் புதுமடத்திலிருந்து வேன் பிடித்து மைசூர் கிளம்பும் குடும்பங்கள் பல. அரண்மனை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம் என்று சுற்றுகிறோம். பக்கத்திலேயே, 15 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கப்ரு அருகே பத்து நிமிடம் நின்றுவிட்டு வண்டி ஏறுகிறோம்.

அந்த ஊரில்தான், காவிரிக் கரைத் தோட்டத்தின் நடுவே 1784-ல் திப்பு கட்டிய கோடை மாளிகை இருக்கிறது. பெயர் தரியா தௌலத், அதாவது கடலின் செல்வம். கடற்கரைக்காரர்களான நமக்கு அந்தப் பெயரே போதாதா! நேர் நடைபாதை, இருபுறமும் புல்வெளி, நடுவே தேக்குமர மாளிகை. வெயிலிலிருந்து ஓவியங்களைக் காக்கத் தொங்கும் திரைகளால் வெளியிலிருந்து சாதாரணமாகத்தான் தெரியும்.

திரைக்குள் மேற்குச் சுவரில் இருப்பது நம் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் 1780-ல் நடந்த போர். ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தார்கள். வெடிமருந்து வண்டி தீப்பிடிக்கிறது. பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார்.

1799 மே 4-ல் திப்பு ஷஹீதான பிறகு இதே மாளிகையில் ஆங்கிலத் தளபதி வெல்லெஸ்லி தங்கினார். சிதைந்த ஓவியங்களை 1855-ல் மீண்டும் தீட்டச் சொன்னவர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. தங்கள் தோல்வியைக் காட்டும் படத்தை அவர்களே புதுப்பித்தார்கள்! ஆகவே இன்று காண்பதில் எல்லாக் கோடும் திப்பு காலத்தது அல்ல. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் அடையாளங்களை மற்றவர்கள் அழித்தார்கள் என்று மட்டுமே மேடைகளில் பேசிப் பழகிவிட்டோம்.

உருவப்படம் உள்ள இடத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். வரலாறு அறியப் பார்ப்பது வேறு, அவற்றைப் புனிதமாக்குவது வேறு. தொழுகையை அங்கே வைத்துக்கொள்ளாமல், கோட்டைக்குள் திப்பு கட்டிய மஸ்ஜிதே அஃலாவில் தொழலாம். கும்பஸில் அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்போம். அவரிடம் எதையும் கேட்க வேண்டாம். அங்குள்ள தந்தம் பதித்த கதவுகளும் டல்ஹௌசி கொடுத்தவையே.

மாளிகைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஓவியத்தின் மேல் வரிசைகள் சிறுவர்களுக்கு எட்டாது, தூக்கிக் காட்டுங்கள். பல்லக்கில் இருக்கும் பெய்லியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.