17 வயதில் அறிமுகம், 20 வயதில் முடிவு: கிரிக்கெட் திறமைகள் சீக்கிரமே தொலைவது ஏன்?

காங்கேயம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால், தேங்காய்ப் பருப்பு காயப்போடாத களத்திலும், அறுவடை முடிந்த காட்டிலும் டென்னிஸ் பால் கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு டீமிலும் ஒரு பையன் மட்டும் தனியாகத் தெரிவான். வேடிக்கை பார்க்கிற பெரியவர்கள் அவனைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "நல்லா போடறானுங்க. ஆனா, மேல போவானுங்களா?"

மேலே போவதே பெரும்பாடு. ஆனால் மேலே போனவர்களும் அங்கே நிற்பதில்லை. இந்திய அணி வரைக்கும் போய், ஒரு சீசன் கலக்கிவிட்டு, அடுத்த சீசனில் காணாமல் போனவர்கள் உண்டு. "தலைக்கனம் ஏறிருச்சு", "அதிர்ஷ்டம் இல்ல" என்று டீக்கடையில் இரண்டே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு நிற்கிறதா?

ஒரு நாடே தன் வீரர்களை இழந்த கதை

திறமையை இழப்பது என்றால் கிரிக்கெட் உலகில் முதலில் நினைவுக்கு வருவது ஜிம்பாப்வே. 2003 உலகக் கோப்பை. பிப்ரவரி 10, ஹராரே. ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு களமிறங்கினார்கள். தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டது என்பதற்கான துக்கம் அது. உலகக் கோப்பை முடிந்ததும் இருவரின் சர்வதேச வாழ்க்கையும் முடிந்தது. ஃபிளவருக்கு அப்போது 34 வயது. டெஸ்ட் சராசரி 51-க்கு மேல். ஜிம்பாப்வேக்கு ஆடிய முதல் கறுப்பின வீரரான ஒலோங்காவுக்கு வெறும் 26. அவர் நாட்டைவிட்டே கிளம்பி இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு இன்னும் மோசம். ஏப்ரல் 2004-ல் கேப்டன் ஹீத் ஸ்ட்ரீக் நீக்கப்பட, அவருக்கு ஆதரவாக நின்றவர்களையும் சேர்த்து 15 வீரர்கள் வாரியத்துடன் மோதி வெளியேறினார்கள். அதே மாதம் இலங்கைக்கு எதிராக ஹராரேயில் ஜிம்பாப்வே 35 ரன்னுக்குச் சுருண்டது. இருபது வயது டடெண்டா டைபு கையில் டெஸ்ட் கேப்டன் பதவி.

வெளியேறியவர்களில் ஷான் எர்வினை இந்திய ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஜனவரியில்தான் அடிலெய்டில் இந்தியாவுக்கு எதிராகச் சதம் அடித்து, நம்மை 3 ரன் வித்தியாசம் வரை நடுங்க வைத்தவர். வயது 21. அதன் பிறகு பல ஆண்டுகள் ஹாம்ப்ஷயருக்காக இங்கிலாந்துக் கவுன்டியில் ஆடினார். ஜிம்பாப்வே டெஸ்ட் அணிக்கு அவர் கொடுத்தது ஐந்தே ஆட்டங்கள்.

பிறகு பணம் வந்தது. 2015 உலகக் கோப்பையில் அடுத்தடுத்து இரண்டு சதம் அடித்த பிரெண்டன் டெய்லர், அந்தக் கையோடு நாட்டிங்ஹாம்ஷயர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் போய்விட்டார். கவுன்டியில் உள்ளூர் வீரராக ஆட வேண்டுமானால் சொந்த நாட்டு அணியை விட்டுவிட வேண்டும் என்ற கோல்பாக் முறை அது. வாரியம் ஒழுங்காகச் சம்பளம் தராத நாட்டில் இதைத் துரோகம் என்று யாரால் சொல்ல முடியும்?

ஜிம்பாப்வே இழந்தவர்களுக்கு ஒரு தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது. நம்மிடம் நடக்கும் இழப்பு சத்தமில்லாதது.

சிவா என்ற சிறுவன்

1987 உலகக் கோப்பை, அக்டோபர் 17, பம்பாய் வான்கடே. இந்தியா அதே ஜிம்பாப்வேயை எளிதாகத் தோற்கடித்தது. அந்த ஆட்டத்தை யாரும் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. ஆனால் சென்னையைச் சேர்ந்த ஒரு லெக் ஸ்பின்னர் இந்தியாவுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. லட்சுமண் சிவராமகிருஷ்ணன். வயது 21.

இன்றைக்கு முப்பது வயதில் இருப்பவர்களுக்கு அவர் டிவி வர்ணனையாளர். அவர்களுடைய அப்பாக்களிடம் கேட்டால் வேறொரு ஆளைச் சொல்வார்கள். 12 வயதில், பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் 2 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த பையன். 16 வயதில், முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே டெல்லிக்கு எதிராக 28 ரன்னுக்கு 7 விக்கெட். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில், உலகத்தையே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம். அப்போது வயது 17 வருடம் 118 நாள். அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களில் மிக இளையவர். விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை.

உண்மையான அறிமுகம் 1984 நவம்பர் இறுதியில் வான்கடேயில் நடந்தது. இந்தியா மூன்று ஆண்டுகளாக ஒரு டெஸ்ட்கூட ஜெயிக்கவில்லை. எதிரே இங்கிலாந்து. முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 6, இரண்டாவதில் 117 ரன்னுக்கு 6. மொத்தம் 12 விக்கெட், இந்தியாவுக்கு வெற்றி. அடுத்த டெல்லி டெஸ்டில் மறுபடியும் 6. அந்தத் தொடர் முழுக்க 23 விக்கெட். சில மாதங்களில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் தொடரை இந்தியா வென்றபோதும் அதிக விக்கெட் எடுத்தவர்களில் ஒருவர். மெல்போர்ன் இறுதிப் போட்டியில் ஜாவேத் மியாண்டட் இறங்கி வந்து ஏமாந்து ஸ்டம்ப்ட் ஆனதை இன்றும் யூடியூபில் தேடிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவருடைய மொத்த டெஸ்ட் விக்கெட் 26. அதில் 23 அந்த ஒரே தொடரில். மற்ற நான்கு டெஸ்ட்களுக்கும் சேர்த்து மூன்றே மூன்று. கடைசி டெஸ்ட் 1986 ஜனவரி 2-ல் சிட்னியில் தொடங்கியது. இருபதாவது பிறந்தநாள் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

என்ன ஆயிற்று? பந்து கையிலிருந்து வரும் லயம் போய்விட்டது என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். சரி, ஏன் போயிற்று, போனபோது யார் கூட இருந்தார்கள்? லெக் ஸ்பின் மணிக்கட்டு வேலை. வளர்கிற வயதில் உயரம் கூடினாலே பந்தை விடும் இடம் மாறும். ஒரு கேப்டன் நம்பிக்கை வைத்து, சிக்ஸர் போனாலும் அடுத்த ஓவரைக் கொடுத்தால்தான் பந்தைத் தூக்கிப் போடும் துணிச்சல் நிற்கும். அன்றைய இந்திய அணியில் முழுநேரப் பயிற்சியாளர் என்ற பதவியே கிடையாது. டூருக்கு ஒரு மேனேஜர் வருவார். டிக்கெட், ஹோட்டல், டிசிப்ளின் பார்ப்பார். பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி 2000-ல்தான் வந்தது. வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, திடீர்ப் புகழோடு இருக்கும் ஒரு டீன்ஏஜ் பையனின் பந்து சுழல மறுத்தால், போய்க் கேட்க ஆளில்லை.

நிறத்தின் பேரில் வாழ்நாள் முழுக்கப் பாகுபாட்டை எதிர்கொண்டதாக 2021-ல் சிவா பொதுவெளியில் எழுதினார். 17 வயதுப் பையன் அந்த டிரெஸ்ஸிங் ரூமுக்குள் எதையெல்லாம் சுமந்துகொண்டு போயிருப்பான் என்று, ஸ்கோர்கார்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்ன ஒரு தலைமுறை யோசிக்கவே இல்லை.

அதே சிட்னி, அதே ஜனவரி 2

சிவா கடைசி டெஸ்ட் ஆடத் தொடங்கி மிகச் சரியாக ஆறு ஆண்டு கழித்து, 1992 ஜனவரி 2-ல், அதே சிட்னி மைதானத்தில், இந்தியாவுக்கு எதிராக இன்னொரு லெக் ஸ்பின்னர் அறிமுகமானார். ரவி சாஸ்திரி இரட்டைச் சதம் அடித்த ஆட்டம். அந்தப் புதுப் பையன் 150 ரன் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்டில் விக்கெட்டே இல்லை. ஆக, இரண்டு டெஸ்டில் 228 ரன்னுக்கு ஒரு விக்கெட்.

பெயர் ஷேன் வார்ன். 22 வயது. அதாவது, சிவாவின் சர்வதேச வாழ்க்கை முடிந்த வயதைத் தாண்டிய பிறகுதான் இவர் தொடங்கவே செய்கிறார்.

வார்னை ஆஸ்திரேலியா அணியிலிருந்து நீக்கியது. ஆனால் கைவிடவில்லை. முன்னாள் லெக் ஸ்பின்னர் டெர்ரி ஜென்னர் அவரைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஜென்னர் ஒன்றும் உத்தமர் இல்லை, சிறைக்குப் போய் வந்தவர். ஆனால் மணிக்கட்டு தெரிந்தவர். தோற்றுப்போவது எப்படி இருக்கும் என்றும் தெரிந்தவர். அதே ஆண்டு வார்ன் திரும்ப அணிக்கு வந்தார். மீதிக் கதை 708 விக்கெட்.

சிவாவிடம் வார்ன் அளவுக்குத் திறமை இருந்ததா என்ற விவாதம் முடியாதது. சிவாவுக்கு ஒரு ஜென்னர் வாய்க்கவில்லை என்பதில் விவாதம் இல்லை.

29 வயதில் வந்தவர்

அப்படியென்றால் பையன்களைச் சீக்கிரம் எடுப்பதுதான் தப்பா? சின்னப்பம்பட்டி நடராஜனின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

சேலம் மாவட்டத்துக் கிராமம். அப்பா தறிக்கூலி, அம்மா சாலையோரக் கடை. திருப்பூர், காங்கேயம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வீடு பழக்கமான வீடுதான். டென்னிஸ் பாலில் யார்க்கர் போட்டே வளர்ந்தவரை, ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் சென்னை லீக் வரைக்கும் கொண்டு சேர்த்தார். 2015-ல் முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே பந்துவீசும் முறை சந்தேகத்துக்கு உள்ளானது. பலருக்கு அதோடு கதை முடிந்திருக்கும். முறையை மாற்றி, டிஎன்பிஎல் வழியாகத் திரும்பி, 2017 ஐபிஎல்லில் பஞ்சாபுக்கு 3 கோடிக்குப் போனார்.

2020 டிசம்பர் 2-ல் கான்பெராவில் ஒருநாள் அறிமுகம், இரண்டு நாளில் டி20, ஜனவரி 15-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே டூரில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். 2021 மார்ச் 28, புனே. இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ரன் வேண்டும். எதிரே அடித்துக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் 6 ரன்தான் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது.

இந்தியாவுக்காக அவர் வீசிய கடைசி ஓவர் அதுதான். அடுத்த மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை. அறிமுகம் முதல் அன்றுவரை நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20.

காயத்திலிருந்து திரும்பி வந்தவர் 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தார். அந்த ஆண்டு ஏலத்தில் டெல்லி அவரை 10.75 கோடிக்கு வாங்கி, 2025 சீசனில் இரண்டே ஆட்டத்தில் இறக்கியது. காசு கிடைத்தது, களம் கிடைக்கவில்லை. 21 வயதில் முழங்கால் போயிருந்தால் காத்திருக்க நேரம் இருந்திருக்கும். 30 வயது வேகப்பந்து வீச்சாளருக்குத் தேர்வுக்குழு காத்திருக்காது. அவர் 29 வயதுவரை வெளியே நின்றதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. தோல் பந்தும் புல் பிட்ச்சும் அவர் கைக்கு வரவே அவ்வளவு காலம் ஆனது.

காங்கேயத்திலிருந்து எவ்வளவு தூரம்?

திருப்பூர் பெயரைத் தாங்கிய தமிழன்ஸ் அணி 2025 டிஎன்பிஎல் கோப்பையைத் தூக்கியது. ஊரே கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் அந்த அணிக்கு ஆட்கள் மாநிலம் முழுவதிலிருந்தும் ஏலத்தில் வருகிறார்கள். பெயர் நம்முடையது என்பதால் பையனுக்குத் தனி வழி எதுவும் திறந்துவிடாது.

வழி பழைய வழிதான். மாவட்ட அணித் தேர்வு, வயதுவாரியான போட்டிகள், பிறகு சென்னை லீக்கில் ஒரு கிளப். இதில் எந்தப் படியும் டென்னிஸ் பாலில் நடப்பதில்லை. களத்தில் யார்க்கர் போடுகிறவனாவது அந்தத் திறமையைத் தோல் பந்துக்கு மாற்றிக்கொள்ளலாம், நடராஜன் மாற்றினார். லெக் ஸ்பின் போடுகிற பையன் பாடு கஷ்டம். தையல் இல்லாத பந்தில் விரலுக்குப் பிடிமானம் இல்லை, பந்தைத் தூக்கிப் போட்டால் எட்டு ஓவர் மேட்சில் சிக்ஸர்தான். கேப்டன் இரண்டாவது ஓவர் தரமாட்டான். வேகமாகத் தட்டையாகப் போடப் பழகிவிடுவான். அங்கே ஒரு சிவா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

இதற்கு நடுவில் பனியன் கம்பெனி. பிளஸ் டூ முடித்த பையனுக்கு செக்கிங்கிலோ கட்டிங்கிலோ வேலை உடனே கிடைக்கும், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். நெட் பிராக்டிஸுக்கு திருப்பூரோ கோவையோ போய்வர பஸ் காசு, கிட் காசு, போன ஷிஃப்டுக்கான கூலி என்று மூன்றும் வீட்டுக் கணக்கில் செலவாகத்தான் விழும். 17 வயதில் ஒரு பையன் இந்தக் கணக்கைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரனாகவே தங்கிவிட்டால் அவனைக் குறை சொல்ல முடியாது. எர்வின் செய்ததும் டெய்லர் செய்ததும் இதே கணக்குதான், தொகை மட்டும்தான் பெரிது. இந்தப் பையனின் பெயர் எந்த ஸ்கோர்கார்டிலும் ஏறியிருக்காது என்பதால், இழந்தவர்கள் பட்டியலிலும் அவன் வரமாட்டான்.

நடராஜன் தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறார். 2023-ல் சின்னப்பம்பட்டியிலேயே சொந்தமாக ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டித் திறந்தார்; தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். காங்கேயத்திலிருந்து ஈரோடு, சங்ககிரி வழியாகப் போகலாம்.