கூரைக்கு முன்னே மனை

தேனி மாவட்டத்தில் ஓலைக் கூரையின் கீழ் வாழும் ஒரு குடும்பம், அரசாங்கத்தின் சகாயத்தோடு கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள விரும்பி மனு எழுதுமானால், அக்குடும்பம் எவ்வளவு ஏழ்மையானது என்ற கேள்வி எழுவதற்கு முன்பாகவே, அது எந்த உள்ளாட்சி ஸ்தாபனத்தின் எல்லைக்குள் வசிக்கிறது, அது குடியிருக்கும் மண் யாருடைய பெயரில் இருக்கிறது, இதற்கு முன் எடுத்த கணக்கெடுப்புகளில் அதன் பெயர் ஏறியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் எழுந்துவிடுகின்றன. இம்மூன்றுக்கும் விடை சரியாக அமைந்த பிறகுதான் வறுமையைப் பற்றிய விசாரணை ஆரம்பமாகிறது. இந்த வரிசையை அறியாதவர்கள், தங்கள் கஷ்டங்களை மனம் உருகும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, நம்மைவிட வசதியான அடுத்த வீட்டுக்காரருக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று வருஷக்கணக்கில் வருந்துவதை ஊர்தோறும் காணலாம்.

முதல் கேள்வி எல்லையைப் பற்றியது. மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997-ஆம் வருஷம் தனி மாவட்டமான தேனியில் 130 கிராம ஊராட்சிகளும், 22 பேரூராட்சிகளும், 6 நகராட்சிகளும் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுக் கால்வாயை ஒட்டிப் போகிறவனுடைய கண்ணுக்கு வீரபாண்டியும் குச்சனூரும் மார்க்கையன்கோட்டையும், நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த கிராமங்களாகவே தோன்றும். ஆனால் சர்க்கார் ஏட்டில் அவை பேரூராட்சிகள். மேகமலை உச்சியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் ஹைவேவிஸும் அப்படியே. கிராமப்புற வீட்டுத் திட்டங்கள் ஊரக வளர்ச்சித் துறையின் வசம் இருப்பவை. அவை ஊராட்சி எல்லையோடு நின்றுவிடும். ஆகவே ஒரே வாய்க்காலின் இரு கரைகளில், ஒரே மாதிரியான குடிசைகளில், ஒரே கூலிக்கு நாற்று நடப் போகும் இருவரில் ஒருவர் யூனியன் ஆபீஸுக்கும், மற்றவர் பேரூராட்சி அலுவலகத்துக்கும் போக வேண்டியவர்களாகிறார்கள். இருவருக்கும் கிடைக்கும் தொகையும் வேறு, நிபந்தனையும் வேறு.

ஊராட்சியில் வசிப்பவருக்கு இன்று பிரதானமாக இருப்பவை இரண்டு திட்டங்கள். ஒன்று, 2024-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம். 2030-ஆம் வருஷத்துக்குள் கிராமப்புறங்களில் எட்டு லட்சம் வீடுகளைக் கட்டிக் குடிசையில்லாத் தமிழகத்தை உண்டாக்குவது இதன் லட்சியம். வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய். சமையலறை உட்பட 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம், எஞ்சியதற்கு எளிதில் தீப்பற்றாத வேறு கூரையைப் பயனாளி தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். பணம் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை. அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், கூரை, பூர்த்தி என்று வேலை ஏற ஏற, ஓவர்சியர் பார்த்து எழுதிய பிறகு வங்கிக் கணக்கில் வந்து சேரும். இத்திட்டத்தின் தகுதி சுருக்கமானது: குடிசையாக இருக்க வேண்டும், அதில் மனுதாரர் உண்மையிலேயே குடியிருக்க வேண்டும், மண்ணுக்குப் பட்டா இருக்க வேண்டும். வேறிடத்தில் கான்கிரீட் வீடு உள்ளவருக்கும், அரசு ஊழியருக்கும், குடிசையைக் கடையாகவோ கொட்டகையாகவோ வைத்திருப்பவருக்கும் இதில் இடமில்லை. பல வருஷங்களுக்கு முன் அரசாங்கமே கட்டிக்கொடுத்து இப்போது காரை பெயர்ந்து கம்பி தெரியும் தொகுப்பு வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கேட்பதில் பிரயோஜனமில்லை. 2001-க்கு முன் கட்டப்பட்ட அத்தகைய வீடுகளில் 25,000-ஐ 600 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டுவதற்கென்று முதலமைச்சரின் வீடுகள் மறுகட்டுமானத் திட்டம் 2025-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் நாட வேண்டியது அதைத்தான்.

மற்றொன்று மத்திய அரசின் பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டம். 1985-இல் தோன்றிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் வாரிசாக 2016-இல் வந்த இத்திட்டத்தில், சமவெளிக்கு 1.20 லட்சம், மலைப்பகுதிக்கு 1.30 லட்சம் என்ற தொகையை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. இத்தொகைக்குள் கான்கிரீட் கூரை போட முடியாது என்பதால், தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தனியாக 1.20 லட்சம் சேர்க்கிறது. இங்கே புதிதாக மனுச் செய்து சேர்வது அரிது. 2011-ஆம் வருஷத்துச் சமூகப் பொருளாதாரச் சாதிவாரிக் கணக்கெடுப்பிலோ, விடுபட்டவர்களுக்காகப் பின்னர் நடந்த கணக்கெடுப்பிலோ பெயர் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும், சில அடையாளங்கள் காணப்பட்டால் பெயர் நீக்கப்படும்: நான்கு சக்கர வாகனம், வருமான வரி, தொழில் வரி, அரசு உத்தியோகம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிலம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. முன்பு இருசக்கர வாகனமும் குளிர்சாதனப் பெட்டியும்கூட வசதியின் சின்னங்களாகக் கருதப்பட்டன. குடும்பத்தில் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலும் பெயர் போயிற்று. காலம் மாறியதை ஒப்புக்கொண்டு, 2024-இல் அச்சின்னங்களை நீக்கி, வருமான வரம்பையும் 15,000 ஆக உயர்த்தினார்கள். தவணைக்கு வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளால் பெயர் நீங்கியவர்கள், புதிய கணக்கெடுப்பில் தம் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் எஞ்சி நிற்கும் நிபந்தனைகளில் ஒன்று யோசிக்கத்தக்கது. கிசான் கடன் அட்டையில் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வரம்பு உள்ள குடும்பம் இத்திட்டத்துக்கு அருகதையற்றது. வங்கி நம்பிக் கடன் தருகிறவனிடம் சொத்து இருக்கத்தான் வேண்டும் என்பது இதன் தர்க்கம் போலும்! மருந்து விலையும் பந்தல் கம்பி விலையும் ஏறிக்கொண்டே போகும் திராட்சைத் தோட்டக்காரனுக்கு அந்த அட்டை செல்வத்தின் அத்தாட்சி அன்று, அவசியத்தின் அத்தாட்சி. நிலத்தைப் பற்றிய விதியோ இதைவிட விவேகமுள்ளது. பாசன நிலத்துக்கு இரண்டரை ஏக்கர், பாசனமில்லாத நிலத்துக்கு ஐந்து ஏக்கர் என்று அது பிரித்துப் பார்க்கிறது. பெரியாற்றுத் தண்ணீரால் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கையும், மழை பெய்தால்தான் வெள்ளாமை என்றிருக்கும் ஆண்டிபட்டி வட்டாரத்து மானாவாரிக் காட்டையும் ஒரே முழத்தால் அளப்பது அநியாயம் என்பதை அந்த விதியாவது உணர்ந்திருக்கிறது.

பேரூராட்சியிலும் நகராட்சியிலும் இருப்பவர்களுக்கு விசாரணை வேறு திசையில் போகிறது. அங்கே முக்கியமானது வருஷ வருமானம். மூன்று லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, இந்தியாவில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லாத குடும்பம், தன் மனையில் தானே வீடு கட்டிக்கொள்ளப் பிரதம மந்திரி நகர்ப்புறத் திட்டத்தின் மானியத்தைப் பெறலாம். 2024-இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், கடந்த இருபது வருஷங்களுக்குள் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெறாதவராகவும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மனையே இல்லாத நகரத்து ஏழை, 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய ஸ்தாபனத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பை, தம் பங்குத் தொகையைக் கட்டிப் பெற முயலலாம்.

இப்படி எத்திசையில் போனாலும், சொந்தமாக வீடு கட்ட விரும்புகிறவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே: பட்டா. நத்தத்தில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர், நத்தம் நிலவரித் திட்டத்தில் தம் பெயருக்குத் தூய பட்டா இருக்கிறதா, அல்லது அது இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே நிற்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பார்த்துக்கொள்ள வேண்டும். பங்காளிகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வாரிசு முறைப்படி மாற்றிக்கொள்ளாத கூட்டுப் பட்டா, வீடு கேட்கும் வேளையில் வழக்காக முளைக்கும். புறம்போக்கில் குடியிருப்பவர்களின் நிலை இரண்டு வகை. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வரன்முறை செய்து பட்டா வழங்க வழியுண்டு. கனவு இல்லத் திட்டமும் அத்தகையவரை வரன்முறைக்குப் பின் ஏற்றுக்கொள்கிறது. ஓடைக்கரை, கண்மாய்க் கரை, மேய்ச்சல் புறம்போக்கு, பாதை இவற்றில் இருப்பவர்களுக்கு அதே இடத்தில் பட்டா எதிர்பார்ப்பது வீண். அவர்கள் வேறிடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கோருவதே விவேகம். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளும், தாலுகாவில் வருஷம் ஒரு முறை கூடும் ஜமாபந்தியும் இதற்கு உரிய சந்தர்ப்பங்கள்.

இந்த மாவட்டத்தில் மண்ணைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்ல மிகவும் சிரமப்படுகிறவர்கள் இரு சாரார். ஒரு சாரார், மேகமலை, வருசநாடு, போடி மலைச்சரிவுகளில் வாழும் பளியர். அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்களே. ஆயினும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு வகுப்பாரே தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடியினராக மத்திய அரசால் கொள்ளப்பட்டிருப்பதால், அந்த வகுப்பாருக்கென்று 2023-இல் வந்த பி.எம். ஜன்மன் திட்டத்தின் இரண்டு லட்ச ரூபாய் வீடு பளியருக்கு உரியதாகவில்லை. காட்டு நிலத்தில் இருப்பதால் வருவாய்த் துறைப் பட்டாவும் எளிதன்று. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டில் குடியிருந்துவரும் பழங்குடியினருக்குக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமைப் பத்திரம் தர வேண்டும் என்கிறது. அவர்களுக்கு வீட்டுக்கான பாதை அந்தச் சட்டத்தின் வழியாகவே போகிறது.

மற்றொரு சாரார், விடிவதற்கு முன்னே ஜீப்பில் ஏறி எல்லைக்கு அப்பால் இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பும் போடி, தேவாரம், கம்பம், கூடலூர் வட்டாரத்துக் கூலிகளும், வாரக்கணக்கில் அங்கேயே தோட்டத்து லயங்களில் தங்கிவிடும் குடும்பங்களும். குடிசையில் உண்மையிலேயே குடியிருக்க வேண்டும் என்ற நியாயமான விதி, பூட்டிய கதவைப் பார்த்துப் பேனாவை மூடிக்கொண்டு போகும் அதிகாரியின் கையில் அநியாயமாகக்கூடும். இத்தகையவர்கள் ரேஷன் கார்டும் ஆதாரும் சொந்த ஊர் முகவரியில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கணக்கெடுப்பு நடக்கும் நாளை ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இத்தனைக்கும் பிறகு பட்டியல் ஒன்று தயாராகிறது. அது கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. தகுதியற்ற பெயரை ஆட்சேபிக்கவும், விடுபட்ட பெயரைச் சொல்லவும் சாமானியப் பிரஜைக்குச் சட்டம் தந்திருக்கும் மேடை அது. கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுக் கலைந்துபோகும் சபை, தன் ஊர் ஏழைகளின் விதியைப் பிறர் எழுதும்படி விட்டுக்கொடுத்த சபையாகும்.

தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 1960-இல் தொடங்கிய வீட்டு வசதிக் கழகம், தன்னிடம் வரும் குடும்பத்தை அதன் வருமானம் என்ன, அது குடும்பமாக அமைந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறது. உன் நிலம் எங்கே என்று கேட்பதில்லை, ஏனெனில் நிலத்தைக் கொண்டுவருவது அங்கே அரசின் பொறுப்பு. நம் கிராமத் திட்டங்களோ வீட்டைத் தாம் தருவதாகச் சொல்லி, மண்ணைக் கொண்டுவரும் பொறுப்பை ஏழையிடம் விட்டுவிடுகின்றன. அதனால் ஏழைகளுள் மண் உள்ளவன் முந்திக்கொள்ள, மண்ணில்லாதவன் கடைசி வரிசைக்குப் போகிறான். இதற்குப் பரிகாரம் பெரிய சட்டம் எதையும் வேண்டுவதன்று. பட்டா இல்லை என்ற காரணத்தால் யூனியன் ஆபீஸில் தள்ளப்படும் ஒவ்வொரு மனுவையும், அந்த ஏழை மறுபடி அலையாதபடி, அலுவலகமே தாசில்தாருக்குப் பட்டா கோரும் மனுவாக அனுப்பிவைத்தால் போதும். வீட்டுக்குத் தகுதியில்லை என்று எழுதும் அந்தக் குறிப்பே, அவன்தான் மனைக்கு முதல் தகுதியுடையவன் என்பதற்குச் சர்க்கார் தன் கையாலேயே எழுதிய சாட்சியமல்லவா?