வெற்றிலை போடும் பாட்டியின் வாயைப் பாருங்கள்

கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் பூஜைச் சாமானோடு சேர்ந்தே விற்கின்றன. தாம்பூலத் தட்டில் வைப்பதால் யாருக்கும் கேடில்லை. கன்னத்தில் அடக்கி மணிக்கணக்காக மெல்லுவதுதான் கேடு. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம் அதிகம்.

வாயின் உள்தோல் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஈ-கெடரின் என்ற புரதம் ஒரு செல்லிலிருந்து நீண்டு, பக்கத்துச் செல்லில் உள்ள அதே புரதத்தோடு கைகோத்துக்கொள்கிறது. இன்டெகிரின் என்ற புரதம் செல்லை அடிச்சவ்வோடு பிணைக்கிறது. புற்றுச் செல்களில் ஈ-கெடரின் குறைந்தால் பிடி தளரும். கழன்ற செல் அடிச்சவ்வை அரித்துக்கொண்டு கழுத்து நிணநீர்க் கணுவரை போய்விடும். அதற்கு முன் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சிறிய அறுவையோடு முடியும். பிறகென்றால் கழுத்து அறுவை, கதிர்வீச்சு என்று நீளும். ஈ-கெடரினுக்குக் கால்சியம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு அதற்கு உதவாது, பாக்கோடு சேர்ந்து உள்தோலை இன்னும் புண்ணாக்கும்.

ஆரம்பத்தில் வலி இருக்காது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். பொய்ப்பல்லைக் கழற்றச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாதபடி இறுகிய வாய்: எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. பல்லை மட்டும் பார்த்து அனுப்பினால், "கன்னம், நாக்கின் அடி எல்லாம் பாருங்கள்" என்று கேளுங்கள். சதைப் பரிசோதனை செய்யச் சொன்னால், அது எதற்கு, முடிவு என்ன என்பதைப் புரியும்படி கேட்டறிவதும் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் நோயாளியின் உரிமை.

அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். ரொக்க உதவி பெறும், 40 வயது நிறைந்தவர்களுக்கு 2019-இல் வந்த பெக்கா பி40 சுகாதாரத் திட்டம் இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்போருக்கு 1,000 வெள்ளி, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரை கிடைக்கும். சிகிச்சை தொடங்கும்போதே மருத்துவமனையில் இதைக் கேட்டுவிடுங்கள். பலரும் கேட்காமலே விட்டுவிடுவது எனக்கு வேதனை.

மெல்லுவதை நிறுத்திய பிறகும் பரிசோதனையை விடக்கூடாது. பாக்கால் இறுகிய வாய் தானாக இளகாது; அதில் புற்று வரும் அபாயமும் உடனே நீங்காது.