மடிக்கணினி வன்தட்டுக்கு எவ்வளவு ஓய்வு தேவை?

மாணவர்களே, வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்துகிறீர்களா? வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் அதன் அருகே காது கொடுத்துக் கேளுங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற மெல்லிய ஓசை வருகிறதா? மின்சாரத்தைச் சேமிக்கப்போய் வன்தட்டு தன் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருக்கலாம்.

அது எப்படி? மடிக்கணினி வன்தட்டுகளில் பல நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்பவை. தகவலைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தலைமுடியின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறிய இடைவெளியில் அதன்மேல் மிதக்கிறது. வேலை இல்லாதபோது முனை விலகிச் சென்று, தட்டின் ஓரத்திலுள்ள சிறு சரிவில் ஏறி நிற்கும். அந்த அசைவின் ஓசைதான் ‘டிக்’.

இதில் இரண்டு நன்மைகள் உண்டு. மின்சாரம் மிச்சமாகும். கணினி இடிபட்டாலும் முனை தட்டைக் கீறாது. ஆனால், ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சிறிது தேய்மானம் ஏற்படும். பல மடிக்கணினி வன்தட்டுகள் 600,000 முறை ஏறி இறங்கும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. சிலவற்றுக்கு அந்த வரம்பு 300,000தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 நொடிக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 120 முறை. நாளுக்கு 8 மணிநேரம் பயன்படுத்தினால் 960 முறை. 600,000ஐ 960ஆல் வகுத்தால் 625 நாள். இரண்டு ஆண்டுகூட இல்லை! வரம்பைத் தாண்டிய உடனே வன்தட்டு பழுதாகிவிடும் என்பதில்லை. ஆனால், உங்கள் பாடக் குறிப்புகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் ஆபத்து கூடுகிறது. 2007ஆம் ஆண்டில் உபுண்டு பயனர்களிடையே இது பெரிய விவாதமாகவே கிளம்பியது.

உங்கள் கணினியில் நிலைமை என்ன என்று அறிய ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ என்ற இலவச மென்பொருள் உதவும். அது காட்டும் பட்டியலில் 193ஆம் வரிசை, முனை ஏறி இறங்கிய எண்ணிக்கை; 9ஆம் வரிசை, வன்தட்டு இயங்கிய மணிநேரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மணிக்கு எத்தனை முறை என்பது தெரிந்துவிடும். விடை நூறைத் தாண்டினால் அமைப்பை மாற்றுவது நல்லது.

மாற்ற உதவுவது ‘எச்டிபார்ம்’ என்ற கருவி. நிர்வாகி அனுமதியுடன் அதை இயக்க வேண்டும். அதில் பெரிய எழுத்து ‘பி’க்குப்பின் 1 முதல் 254 வரை ஓர் எண் தரலாம். எண் குறைந்தால் சேமிப்பு அதிகம். கூடினால் வேகம் அதிகம். 127 வரையிலான எண்கள் தட்டு சுழல்வதையே நிறுத்த இடம் கொடுக்கும். 128 முதல் அப்படி நிற்காது. மின்கலத்தில் இயங்கும்போது 128, மின் இணைப்பில் இருக்கும்போது 254 என வைத்துக்கொள்ளலாம்.

பெரிய எழுத்து ‘எஸ்’, எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் தட்டு நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. 240 வரையிலான எண்களை 5 நொடியால் பெருக்க வேண்டும். 120 என்று கொடுத்தால் 600 நொடி, அதாவது 10 நிமிடம். இதை மிகவும் குறைத்துவிடாதீர்கள். நின்ற தட்டு மறுபடி சுழலத் தொடங்கும்போது வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கும்.

கணினியை அணைத்ததும் இந்த மாற்றம் மறைந்துவிடும். நிலைக்க வேண்டுமானால் எச்டிபார்மின் அமைப்புக் கோப்பில் எழுதிவையுங்கள். சில வன்தட்டுகள் இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படாமலும் போகலாம். ஆகவே, ஒரு வாரம் கழித்து 193ஆம் வரிசையை மீண்டும் பாருங்கள்.

உங்கள் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி என்றால் கவலையே இல்லை. அதில் சுழலும் தட்டும் இல்லை, முனையும் இல்லை. எதுவாயினும், முக்கியக் கோப்புகளின் நகலை வேறோர் இடத்தில் எடுத்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.