02-01-2024: ஜனவரியா, பிப்ரவரியா?

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்த நாள் 02-01-2024. நமக்கு அது ஜனவரி 2. அமெரிக்க வழக்கத்தில் அமைத்த கணினியிடம் இதையே கொடுத்தால் பிப்ரவரி 1 என்று வாசிக்கும். விழா முப்பது நாள் தள்ளிப்போய்விடும். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு இந்த வம்பு இல்லை. சம்ப்ரோட்சணம் நடந்தது 25-03-1987. இருபத்தைந்தாவது மாதம் எந்த ஊரிலும் கிடையாது.

கணக்கு எழுதுபவர்கள் இந்தத் தொல்லையை எக்செல்லில் பார்த்திருப்பார்கள். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் ஜனவரி மாதப் பட்டியல் ஒன்றைத் திறந்தால், 13 முதல் 31 வரையான தேதிகள் கட்டத்தின் இடது ஓரமாக ஒதுங்கி நிற்கும். பதின்மூன்றாவது மாதம் இல்லையே, அதனால் எக்செல் அவற்றைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடுகிறது. இது நல்லது, கண்ணில் பட்டுவிடும். ஆபத்து முதல் 12 வரிகளில்தான். அவை வலது ஓரத்தில் ஒழுங்காக நின்றபடியே ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதத்துக்கு ஒன்றாகச் சிதறியிருக்கும்.

உள்ளே எக்செல் வைத்திருப்பது நாளும் அல்ல, மாதமும் அல்ல. ஒரே ஓர் எண். 2024 ஜனவரி 2 என்பது அதற்கு 45293. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிக்கொண்டே வந்த கணக்கு அது. (1900-ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்ட பழைய பிழையும் அதில் அப்படியே இருக்கிறது, யாரும் திருத்தத் துணியவில்லை.) இந்த எண்ணுக்கு எந்த உடுப்பை மாட்டி வெளியே அனுப்புவது என்பதுதான் மென்பொருளின் வேலை. ஒவ்வொரு மொழிக்குமான உடுப்புகளை யூனிகோடு கூட்டமைப்பு சிஎல்டிஆர் என்ற தரவுத் தொகுப்பில் அடுக்கி வைத்திருக்கிறது. நம் கைபேசிகளும் உலாவிகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

அதில் தமிழுக்கு நான்கு பிரிவுகள்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. திருச்சியிலிருந்து விமானம் ஏறுபவர்களுக்கு இந்தப் பட்டியல் பழக்கமானதுதான். அதே முனையத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் திறன் கொண்டது. இந்தியத் தமிழில் 44,00,000. சிங்கப்பூர், மலேசியத் தமிழில் 4,400,000. கட்டுமானச் செலவு ரூ.1,100 கோடிக்கும் மேல். அந்த 1,100 கோடி இங்கே 11,00,00,00,000, அங்கே 11,000,000,000. எண்ணும் ஒன்று, மொழியும் ஒன்று. காற்புள்ளி மட்டும் இடம் மாறுகிறது. ஆகவே 'தமிழ்' என்று மட்டும் குறித்துவிட்டு, எந்த நாட்டுத் தமிழ் என்று சொல்லாமல் விடும் நிரல், பாதி முகவரி எழுதிய கடிதம்தான்.

நேரத்திலும் இப்படியே. இலங்கைத் தமிழுக்கு 24 மணி முறை. இந்தியத் தமிழுக்கு 12 மணி முறை. நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்தை 'முற்பகல் 12:10' என்று காட்டினால் இலக்கணப்படி தவறில்லை. ஆனால் எந்த வீட்டிலும் அப்படிச் சொல்வதில்லை, 'ராத்திரி பன்னிரண்டு பத்து' என்றுதான் சொல்வார்கள். அதிகாலை, மதியம், மாலை, இரவு என்ற பகுப்புகளும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. நிரலர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தமிழ் எண்களும் அங்கே உண்டு. 2024-ஐ ௨௦௨௪ என்றும் எழுதலாம், சுழியமே இல்லாத பழைய முறையில் ௨௲௨௰௪ என்றும் எழுதலாம். தமிழ்ச் சுழியம் யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல்தான். கேட்காமல் விட்டால் வருவது நமக்குப் பழகிப்போன 2024.

நாட்காட்டிதான் பெரிய ஓட்டை. எபிரேயம், பாரசீகம், எத்தியோப்பியம், இந்திய அரசின் சக நாட்காட்டி எல்லாம் தொகுப்பில் இருக்க, சித்திரை முதல் பங்குனி வரையான நம் சூரிய நாட்காட்டி இல்லை. தினக்காட்டிச் செயலி செய்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தாங்களே அட்டவணை போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அட்டவணை போட்டாலும் ஸ்ரீரங்கத்தில் இடறும். 2022 ஜனவரி 13, மார்கழி 29, பிற பெருமாள் கோயில்களில் வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் அன்று கொண்டாடினால் அதைத் தொடரும் இராப்பத்து தைத்தேர்த் திருநாளோடு மோதும். பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்படி நேரும்போது, அங்கே ஏகாதசியைக் கார்த்திகைக்கே முன்னால் கொண்டுவந்துவிடுவார்கள். அந்த முறை பரமபதவாசல் திறந்தது 2021 டிசம்பர் 14, கார்த்திகை 28.

மொழி தமிழ், நாடு இந்தியா என்று எல்லாம் சரியாகக் குறித்த கைபேசியை நம்பி ஜனவரி 13 விடியற்காலையில் ஸ்ரீரங்கத்தில் வந்து இறங்கியவருக்கு, வாசல் மூடியிருந்திருக்கும். அவரும் சரியாக முப்பது நாள் தாமதம்.