இரண்டாம் மொழிக் கல்வியில் பண்பாடு கற்பித்தல்

இரண்டாம் மொழிக் கல்வியில் பண்பாடு கற்பித்தல் என்பது, ஒரு மொழியின் இலக்கணம், சொற்களுடன் அம்மொழி பேசுவோரின் பழக்கவழக்கங்கள், மரியாதை முறைகள், மதிப்பீடுகள் ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பிப்பதாகும்.

தேவை

புதிதாக மொழி கற்பவரின் இலக்கணப் பிழையைக் கேட்பவர் எளிதில் பொறுத்துக்கொள்வார். பண்பாட்டுப் பிழையோ மரியாதைக் குறைவாகவே தோன்றும். தமிழ் கற்பவர் ஒருவர் அறிமுகமில்லாத முதியவரிடம் "நீ எங்கே போகிறாய்?" என்று கேட்டால், வாக்கியத்தில் பிழையில்லை, ஆயினும் கேட்பவர் மனம் புண்படும். விடைபெறும்போது "போகிறேன்" என்னாமல் "போய் வருகிறேன்" என்பதும் அகராதியைப் பார்த்து அறியக்கூடியதன்று.

கோட்பாடுகள்

இலக்கண அறிவு மட்டும் போதாது, யாரிடம் எப்போது எப்படிப் பேசுவது என்பதும் மொழித்திறனே என்று அமெரிக்க அறிஞர் டெல் ஹைம்ஸ் விளக்கினார். பிரித்தானிய அறிஞர் மைக்கேல் பைரம் 1997இல் வெளியிட்ட நூலில், கற்பவர் தாய்மொழியாளராகவே மாறிவிட வேண்டியதில்லை. இரு பண்பாடுகளுக்கிடையே புரிதலை உண்டாக்குபவராக வளர்ந்தால் போதும் என்றார்.

கற்பிக்கும் முறை

1996இல் வெளியான அமெரிக்க அயல்மொழிக் கல்வித் தரங்கள் பண்பாட்டைப் பொருள்கள், நடைமுறைகள், கண்ணோட்டங்கள் என மூன்றாகக் காண்கின்றன. பொங்கல் பாடத்தில் பானையும் கரும்பும் பொருள்கள்; பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என முழங்குவது நடைமுறை; கதிரவனுக்கும் கால்நடைகளுக்கும் நன்றி கூறுவது கண்ணோட்டம். பாடம் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுவதே குறை.

கவனிக்க வேண்டியவை

"தமிழர் எல்லோரும் இப்படித்தான்" என்று பொதுமைப்படுத்துவது தவறான புரிதலைத் தரும். ஊர், சமயம், தலைமுறைக்கேற்ப வழக்கங்கள் வேறுபடும். மாணவர் தம் வீட்டு வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பேச இடமளித்தால், பிறர் பண்பாட்டோடு தம்முடையதையும் புதிதாக அறிவர்.