சஸ்பெண்ட் ஆன போலீஸ் கோர்ட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? 6 ஆண்டு நீடித்த ஒரு தமிழக வழக்கு

‘காவலர் சஸ்பெண்ட்’ என்று செய்தி வந்தால், ‘வேலை போச்சு’ என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பணியிடை நீக்கம் தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை ஒருவரைப் பணியிலிருந்து ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு. வேலை இருக்கும், யூனிஃபார்ம் போட முடியாது. முழுச் சம்பளமும் வராது. தொடக்கத்தில் அடிப்படைச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான் பிழைப்பூதியம்.

எங்கே முறையிடுவது?

உதாரணத்துக்கு, கொல்லிமலை வாழவந்தி நாடு காவல் நிலையத்தில் ஒரு காவலர் சஸ்பெண்ட் செய்யப்படுகிறார் என வைத்துக்கொள்வோம். உத்தரவு போடுபவர் நாமக்கல் எஸ்.பி. அடுத்து சேலம் சரக டிஐஜியிடம் முறையிடலாம். அங்கும் பலன் இல்லையென்றால், அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சென்னை வரை வந்துதான் வழக்கு நடத்த வேண்டும், அதுவும் பாதிச் சம்பளத்தில்.

ஐபிஎஸ் அதிகாரி என்றால் ரூட் வேறு. முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், பிறகுதான் உயர் நீதிமன்றம்.

பிரமோத் குமார் வழக்கு

திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி தொடர்பான வழக்கில், ஐ.ஜி. பிரமோத் குமாரை 2012 மே மாதம் சிபிஐ கைது செய்தது. அதே மாதம் அவர் சஸ்பெண்ட் ஆனார். தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் எனப் போன வழக்கு, தமிழக அரசின் மேல்முறையீட்டால் உச்ச நீதிமன்றம் சென்றது. 2018 ஆகஸ்ட் 21-ல் தீர்ப்பு வந்தது.

அவர் தவறு செய்தாரா இல்லையா என்பதற்குள் நீதிபதிகள் போகவில்லை. அவர்கள் பார்த்தது இரண்டு விஷயங்கள்.

ஒன்று: துறை ரீதியான குற்றச்சாட்டு குறிப்பாணைக்கு, அதிகாரம் உள்ளவரின் ஒப்புதல் வாங்கப்பட்டதா? வாங்கவில்லை. அதனால் அந்த மெமோ ரத்து. முறைப்படி புதிய மெமோ கொடுக்க அரசுக்குத் தடையில்லை.

இரண்டு: 6 ஆண்டுகள் தாண்டிவிட்டன, கிரிமினல் வழக்கு முடியவில்லை. இனியும் சஸ்பெண்டில் வைப்பதால் என்ன பயன்? ஒன்றுமில்லை என்றது உச்ச நீதிமன்றம். முக்கியத்துவம் குறைந்த பதவியில் அமர்த்திக்கொள்ள அரசுக்கு அனுமதி கொடுத்தது.

‘3 மாசம் ஆச்சுன்னா தானா ரத்து’: உண்மையா?

இந்தப் பேச்சுக்கு மூலம், 2015-ல் அஜய் குமார் சவுத்ரி வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 3 மாதத்துக்குள் குற்றச்சாட்டு மெமோ கொடுக்காவிட்டால் சஸ்பெண்டை நீட்டிக்கக் கூடாது. கொடுத்திருந்தால், காரணம் எழுதி நீட்டிக்க வேண்டும் என்றது அது.

ஆனால் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, இது எல்லா வழக்குக்கும் பொருந்தும் கறாரான விதி அல்ல என்று தெளிவுபடுத்தியது. லஞ்சம் போன்ற கடுமையான புகார்களில், அந்தந்த வழக்கின் தன்மையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஆக, 3 மாதம் முடிந்த மறுநாள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட முடியாது.

இதில் புகார் கொடுத்தவரின் பக்கமும் இருக்கிறது. புகாருக்கு ஆளானவர் அதே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தால், சாட்சி சொல்ல யார் வருவார்? அதனால்தான் வேறு இடத்துக்கு மாற்றுவது, முக்கியத்துவம் குறைந்த பணி தருவது என்ற நடுவழியை நீதிமன்றங்கள் காட்டுகின்றன.

ஜெயித்தால்?

சஸ்பெண்ட் ரத்தானால் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் துறை விசாரணையும் கிரிமினல் வழக்கும் தொடரும். சஸ்பெண்டில் இருந்த காலத்தைப் பணிக்காலமாகக் கணக்கிடுவதா, பாக்கிச் சம்பளம் உண்டா என்பதெல்லாம் பொதுவாக அந்த விசாரணையின் முடிவைப் பொறுத்தது. கோர்ட்டில் கிடைத்தது நிரபராதி என்ற சான்றிதழ் அல்ல. வேலையில் இருந்தபடியே விசாரணையைச் சந்திக்கும் வாய்ப்பு மட்டும்தான்.